பற்களும் ஈறுகளும்: அமைப்பை அறிந்து காப்போம் – கிருஷ்ணகிரி, ஓசூர் பகுதி மக்களுக்கான விளக்கம்

வாய் தொடர்பான இரண்டு குறைகளைக் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் பரவலாகக் காண்கிறோம். ஒன்று, முன்பற்களில் தோன்றும் வெண்திட்டுகளும் பழுப்புக் கோடுகளும். மற்றொன்று, பல் துலக்கும்போது ஈறிலிருந்து இரத்தம் கசிதல்.

இவ்விரண்டு குறைகளுக்கும் மக்கள் இயல்பாகச் செய்யும் செயலே தீங்காக முடிகிறது. பழுப்புக் கறையை அழுக்கு எனக் கருதிச் செங்கல் தூள், கரித்தூள், உப்பு ஆகியவற்றால் அழுத்தித் தேய்க்கிறார்கள். கறை நீங்குவதில்லை; பல்லின் மேலடுக்கு தேய்ந்துபோகிறது. இரத்தம் கசியும் இடத்தில் பிரஷ் படாமல் பார்த்துக்கொள்கிறார்கள். அங்கு அழுக்கு மேலும் படிந்து ஈறு நோய் முற்றுகிறது.

பல்லும் ஈறும் எவ்வாறு அமைந்துள்ளன என்பதை அறிந்துகொண்டால் இத்தவறுகளைத் தவிர்க்கலாம். வாயின் ஒவ்வொரு திசுவுக்கும் தன்னைச் சீர்செய்துகொள்ளும் ஆற்றல் வேறுபடுகிறது. எந்தப் பாதிப்பு மீளும், எது மீளாது, எந்தக் கட்டத்திற்குள் மருத்துவரை அணுக வேண்டும் என்பதை இப்பக்கம் விளக்குகிறது.

பற்களின் எண்ணிக்கையும் முளைக்கும் காலமும்

குழந்தைக்கு ஏறத்தாழ 6 மாதத்தில் முதல் பால்பல் முளைக்கிறது. இரண்டரை முதல் மூன்று வயதுக்குள் 20 பால்பற்களும் வந்துவிடும். 6 வயது முதல் நிலையான பற்கள் முளைக்கத் தொடங்குகின்றன. ஞானப்பற்கள் நான்கையும் சேர்த்து வளர்ந்தவருக்கு 32 பற்கள் உண்டு. சிலருக்கு ஞானப்பல் முளைக்காமலும் இருக்கலாம், அது நோயன்று.

பெற்றோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 6 வயதில் முளைக்கும் முதல் நிலையான கடைவாய்ப்பல், எந்தப் பால்பல்லும் விழாமல் வரிசையின் கடைசியில் புதிதாக முளைக்கிறது. ஆகவே அதையும் பால்பல் என்று எண்ணி, சொத்தையானாலும் "விழுந்து முளைக்கும்" என விட்டுவிடுகிறார்கள். அது வாழ்நாள் முழுவதற்குமான பல். அதன் இடத்தில் வேறு பல் முளைக்காது.

பல்லின் அடுக்குகள்

ஈறுக்கு மேல் நம் கண்ணுக்குத் தெரியும் பகுதி பல்லின் மகுடம். தாடை எலும்புக்குள் புதைந்திருக்கும் பகுதி வேர். பல்லை நெடுக்காகப் பிளந்து பார்த்தால் பின்வரும் அடுக்குகளைக் காணலாம்.

எனாமல்: மகுடத்தைப் போர்த்தியிருக்கும் வெளி அடுக்கு. நம் உடலிலேயே மிகக் கடினமான பொருள் இதுதான். எடையில் ஏறத்தாழ 96 விழுக்காடு கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த தாது உப்பு. இதில் நரம்போ இரத்தக் குழாயோ உயிருள்ள செல்லோ இல்லை. எனாமலை உருவாக்கும் செல்கள் பல் முளைப்பதற்குள் மறைந்துவிடுகின்றன. எனவே தேய்ந்துபோன எனாமல் மீண்டும் வளராது.

டென்டின்: எனாமலுக்கு அடியில் உள்ள இளமஞ்சள் அடுக்கு. இதில் ஏறத்தாழ 70 விழுக்காடு தாது உப்பு. எஞ்சியது புரதமும் நீரும். நுண்ணிய குழல்கள் இதன் ஊடே பல்லின் நடுப்பகுதி வரை செல்கின்றன. எனாமல் தேய்ந்தாலோ ஈறு கீழிறங்கினாலோ இக்குழல்கள் வெளிப்படுகின்றன. குளிர்ந்த நீர் குடிக்கும்போது பல் கூசுவது இதனால்தான்.

பல்கூழ்: பல்லின் நடுவே நரம்பும் இரத்தக் குழாய்களும் அடங்கிய மென்மையான பகுதி. இது வேரின் நுனி வழியாகத் தாடையோடு இணைந்துள்ளது. சொத்தை இதனைத் தொடும்போது வலி கடுமையாகிறது. சுற்றிலும் கடினமான சுவர் இருப்பதால், இங்கு ஏற்படும் வீக்கத்திற்கு விரிய இடமில்லை. பல்வலி இரவில் உறங்கவிடாமல் துன்புறுத்துவதற்கு இதுவே காரணம்.

சிமென்டம்: வேரைப் போர்த்தியிருக்கும் மெல்லிய அடுக்கு. எனாமலைவிட மென்மையானது. ஈறு இறங்கி வேர் வெளிப்பட்டால், இது எளிதில் தேய்கிறது.

ஈறும் பல்லைத் தாங்கும் திசுக்களும்

பல், தாடை எலும்பில் ஆணி அடித்தாற்போல் நேரடியாகப் பொருந்தியிருக்கவில்லை. வேருக்கும் எலும்புக்கும் இடையே மயிரிழை அளவான தசைநார் ஒன்று இருக்கிறது. அது மெல்லும் விசையைத் தாங்குகிறது. சோற்றில் ஒரு சிறு கல் அகப்பட்டாலும் உடனே நமக்குத் தெரிவதற்கு இத்தசைநாரின் உணர்வே காரணம்.

எலும்பையும் வேரையும் மூடிப் பாதுகாப்பது ஈறு. நலமான ஈறு பல்லின் கழுத்தை இறுகப் பற்றியிருக்கும். துலக்கும்போது இரத்தம் வராது. நிறம் இளஞ்சிவப்பாகவோ, நம் மக்கள் பலருக்கு இருப்பதுபோல் கருமை கலந்தோ இருக்கலாம். இயற்கையான கருமை நோயின் அறிகுறியன்று.

பல்லுக்கும் ஈறுக்கும் இடையே 1 முதல் 3 மில்லிமீட்டர் ஆழமுள்ள சிறு பள்ளம் ஒன்று எல்லோருக்கும் உண்டு. ஈறு நோய் தொடங்குவது இப்பள்ளத்தில்தான். இது 4 மில்லிமீட்டருக்கு மேல் ஆழமாகி, அடியில் எலும்பும் கரைந்திருந்தால் ஈறு நோய் எலும்பை எட்டிவிட்டது என்று பொருள்.

முன்பற்களில் பழுப்புக் கோடுகள்: காரணம் என்ன?

இப்பகுதியின் நிலத்தடியில் கருங்கல் வகைக் கடினப் பாறைகள் உள்ளன. அவற்றிலுள்ள சில தாதுக்களில் புளோரைடு இருக்கிறது. ஆழ்துளைக் கிணற்று நீர் பாறைப் பிளவுகளில் நெடுங்காலம் தங்குவதால் புளோரைடு அதில் கரைகிறது. ஒரே ஊரில் ஒரு கிணற்றில் அளவு மிகுதியாகவும் அடுத்த கிணற்றில் குறைவாகவும் இருக்கலாம். புளோரைடுக்கு நிறமோ மணமோ இல்லை. சுவையாலும் அதனைக் கண்டறிய இயலாது.

குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயத்தின்படி, 1 லிட்டர் நீரில் 1 மில்லிகிராம் வரை புளோரைடு ஏற்கத்தக்கது. வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 1.5 மில்லிகிராம் வரை அனுமதிக்கப்படுகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவும் 1.5 மில்லிகிராம்தான்.

குழந்தையின் தாடைக்குள் நிலையான பற்களின் எனாமல் உருவாகும் காலத்தில் மிகுதியான புளோரைடு உடலில் சேர்ந்தால், எனாமல் செறிவாக அமையாமல் நுண்துளைகளோடு அமைகிறது. இதுவே பல் புளோரோசிஸ். முன்பற்களின் எனாமல் குழந்தை பிறந்த சில மாதங்களில் உருவாகத் தொடங்கி, 4 அல்லது 5 வயதில் நிறைவடைகிறது. ஞானப்பல் நீங்கலாக மற்ற பற்களின் மகுடங்கள் 8 வயதளவில் முழுமை பெறுகின்றன.

இதிலிருந்து இரண்டு செய்திகள் தெளிவாகின்றன. முதலாவது, 7 வயதில் முளைக்கும் பல்லில் காணும் கறை, அக்குழந்தையின் முதல் சில ஆண்டுகளில் குடித்த நீரால் ஏற்பட்டது. குழந்தை பல் துலக்காததால் வந்ததன்று. இரண்டாவது, வளர்ந்தவர் இப்பகுதிக்கு வேலைக்காகக் குடிபெயர்ந்தால் அவருடைய பற்களில் புதிதாகப் புளோரோசிஸ் தோன்றாது. ஆனால் அவர் இங்கு பெற்று வளர்க்கும் குழந்தைக்கு வரக்கூடும்.

பழுப்புப் பற்களுக்காகப் பள்ளியில் கேலிக்கு ஆளாகும் பிள்ளைகளும், திருமணப் பேச்சின்போது மனம் வருந்தும் இளைஞர்களும் பெண்களும் உண்டு. இக்கறை தூய்மையின்மையின் அடையாளமன்று. ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவதுமில்லை. ஆசிரியர்களும் பெற்றோரும் இதனைப் பிள்ளைகளுக்கு எடுத்துரைக்க வேண்டும்.

இது இப்பகுதிக்கு மட்டும் உரிய சிக்கலன்று. அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் பகுதியில் குடிநீரால் வரும் புளோரோசிஸ் 1937-ஆம் ஆண்டிலேயே மருத்துவ ஆய்விதழில் பதிவு செய்யப்பட்டது. தேசிய புளோரோசிஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுத் திட்டம் 2008-09-ஆம் ஆண்டில் தொடங்கியபோது முதலில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஆறு மாவட்டங்களில் தருமபுரியும் ஒன்று. கிருஷ்ணகிரி 2004-ஆம் ஆண்டில் அம்மாவட்டத்திலிருந்தே பிரிக்கப்பட்டது. இவ்விரு மாவட்டங்களுக்கும் காவிரி நீரைச் சுத்திகரித்து வழங்கும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் மற்றும் புளோரோசிஸ் பாதிப்புக் குறைப்புத் திட்டம், ஜப்பான் பன்னாட்டுக் கூட்டுறவு முகமையின் கடனுதவியோடு நிறைவேற்றப்பட்டு 2013-ஆம் ஆண்டு மக்கள் பயன்பாட்டுக்கு வந்தது. ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி நகரங்களோடு இரு மாவட்டங்களின் ஊரகக் குடியிருப்புகளும் இதில் அடங்கும்.

கறையை வேறுபடுத்தி அறிதல்

புளோரோசிஸ்: பல் முளைக்கும்போதே இருக்கும். இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒரே வகைப் பற்களில் இணையாகத் தோன்றும். சுண்ணாம்பு போன்ற வெண்திட்டுகளாகவோ, குறுக்கே ஓடும் பழுப்புக் கோடுகளாகவோ இருக்கும். கடுமையானால் குழிகள் விழும். சுரண்டினால் நீங்காது.

காரை: ஈறின் ஓரத்தில், குறிப்பாகக் கீழ் முன்பற்களின் உட்புறத்தில், மஞ்சளாகவோ கறுப்பாகவோ கட்டியாகப் படிந்திருக்கும். பல் மருத்துவர் இதனை நீக்க முடியும்.

வெற்றிலை, புகையிலை, தேநீர்க் கறை: பல்லின் மேற்பரப்பில் படிவது. பழக்கம் தொடரும்வரை மீண்டும் படியும்.

சொத்தை: பெரும்பாலும் கடைவாய்ப்பல்லின் மேற்பள்ளங்களிலோ இரு பற்களுக்கு இடையிலோ தனித்துத் தொடங்கும். நாளடைவில் பெரிதாகும், உணவு சிக்கும், கூச்சமோ வலியோ இருக்கும்.

லேசான புளோரோசிஸுக்குச் சிகிச்சை தேவையில்லை. பல்லின் பயன்பாடு குறைவதில்லை. தோற்றத்தால் மனம் வருந்துவோருக்குக் கறையின் ஆழத்தைப் பொறுத்து மேற்பரப்பை மெல்ல மெருகிடுதல், வெளுப்பாக்குதல், பல்நிறப் பூச்சு, உறை ஆகிய சிகிச்சைகள் உள்ளன. இவற்றைத் தகுதி பெற்ற பல் மருத்துவரே செய்ய வேண்டும். கடையில் விற்கும் அமிலக் கரைசல்களைப் பயன்படுத்தாதீர்கள்.

குழந்தைகளின் பற்களைக் காக்கக் குடிநீரில் செய்ய வேண்டியவை

• முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டும் கொடுங்கள். தாய் குடிக்கும் நீரில் புளோரைடு மிகுந்திருந்தாலும் தாய்ப்பாலில் அதன் அளவு மிகக் குறைவாகவே இருக்கும். அதே நீரில் கரைத்த பால்மாவில் அளவு மிகுந்துவிடும்.

• குடிக்கவும் சமைக்கவும் கூட்டுக் குடிநீர்த் திட்டக் குழாய் நீரையே பயன்படுத்துங்கள். குளிக்கவும் துவைக்கவும் ஆழ்துளைக் கிணற்று நீரைப் பயன்படுத்துவதில் தீங்கில்லை. இரண்டையும் ஒரே தொட்டியில் கலக்காதீர்கள்.

• கிணற்று நீரைத்தான் குடிக்க வேண்டிய நிலை இருந்தால், அதனைப் பரிசோதனை செய்யுங்கள். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் நீர்ப் பரிசோதனைக் கூடத்தை ஊராட்சி வாயிலாகவோ நேரிலோ அணுகலாம்.

• நீரைக் கொதிக்க வைப்பதால் புளோரைடு நீங்காது. நீர் ஆவியாகிக் குறையும்போது அதன் செறிவு கூடும். துணியில் வடிகட்டுதல், சாதாரண வடிகட்டிகள், புற ஊதாக் கதிர்ச் சுத்திகரிப்பு ஆகியவையும் புளோரைடை நீக்குவதில்லை. எதிர்ச் சவ்வூடு பரவல் முறையில் இயங்கும் ஆர்.ஓ. கருவியும், செயலூட்டிய அலுமினா நிரப்பிய வடிகட்டியும் நீக்கும். இவற்றை உரிய காலத்தில் பராமரிக்க வேண்டும்.

• கால்சியமும் வைட்டமின் சி-யும் மிகுந்த உணவு புளோரைடின் தீங்கைக் குறைக்க உதவுகிறது. இப்பகுதியின் கேழ்வரகுக் களியும் கூழும் கால்சியம் நிறைந்தவை. இவற்றோடு பால், தயிர், முருங்கைக் கீரை, நெல்லிக்காய், கொய்யா ஆகியவற்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மிகுதியான புளோரைடு பல ஆண்டுகள் உடலில் சேர்ந்தால் எலும்பும் மூட்டும் பாதிக்கப்படும். கழுத்து, முதுகு, இடுப்பு ஆகிய இடங்களில் தொடர்வலியும் விறைப்பும் உள்ளவர்கள், தாம் குடிக்கும் நீரைப் பற்றியும் மருத்துவரிடம் தெரிவியுங்கள்.

அப்படியானால் புளோரைடு பற்பசை கூடாதா?

இக்கேள்வி நியாயமானது. புளோரைடு பல்லில் இரு வேறு விதமாகச் செயற்படுகிறது. எனாமல் உருவாகும் வயதில் மிகுதியாக விழுங்கினால் தீங்கு. முளைத்துவிட்ட பல்லின் மேற்பரப்பில் சிறிதளவு பட்டால், அமிலத்தை எதிர்க்கும் ஆற்றலைத் தந்து சொத்தையைத் தடுக்கிறது. எனவே வளர்ந்தவர்கள் புளோரைடு பற்பசையைப் பயன்படுத்துவது நல்லது. நுரையைத் துப்பிவிட வேண்டும்.

பொதுவாக 3 வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஓர் அரிசி அளவும், 3 முதல் 6 வயது வரை ஒரு பட்டாணி அளவும் பற்பசை போதும். பெரியவர்தாம் பிரஷ்ஷில் வைத்துத் தர வேண்டும்; துப்பக் கற்றுத்தர வேண்டும். குடிநீரில் புளோரைடு மிகுந்த ஊரில் வாழும் 6 வயதுக்குட்பட்ட குழந்தைக்கு எந்தப் பற்பசை ஏற்றது என்பதைப் பல் மருத்துவரிடம் கேட்டறியுங்கள்.

சொத்தை எவ்வாறு உண்டாகிறது?

வாயிலுள்ள கிருமிகள் சர்க்கரையையும் மாவுப் பொருளையும் அமிலமாக மாற்றுகின்றன. வாயின் கார அமில நிலை 5.5-க்குக் கீழே இறங்கினால் எனாமலிலிருந்து தாது உப்பு கரையத் தொடங்குகிறது. உமிழ்நீர் சிறிது நேரத்தில் அமிலத்தைத் தணித்து, கரைந்த தாதுவைத் திரும்பச் சேர்க்கிறது. குழி விழாத வெண்புள்ளி நிலையில் இப்பாதிப்பு மீளக்கூடியது. குழி விழுந்துவிட்டால் தானாக மூடாது.

ஒரு நாளில் எத்தனை முறை இனிப்பு உண்கிறோம் என்பது, எவ்வளவு உண்கிறோம் என்பதைவிட முக்கியமானது. இரவுப் பணியில் உறக்கத்தை விரட்ட மணிக்கொரு முறை சர்க்கரைத் தேநீரும் பிஸ்கட்டும் உண்பவரின் உமிழ்நீருக்குப் பல்லைச் சீர்செய்ய இடைவெளி கிடைப்பதில்லை. இனிப்பை உணவோடு சேர்த்து உண்ணுங்கள். இடையில் சர்க்கரை இல்லாத தேநீர், நீர், வேர்க்கடலை போன்றவற்றை எடுத்துக்கொள்ளுங்கள்.

சொத்தை எனாமலில் இருக்கும்போது வலி இராது. டென்டினை எட்டியதும் கூச்சம் தொடங்கும். அந்நிலையில் அடைப்பது எளிது. பல்கூழை எட்டினால் வேர் சிகிச்சையோ பல்லை எடுப்பதோ தேவைப்படும். வலி தானாக நின்றுவிட்டால் குணமாகிவிட்டது என்று எண்ணாதீர்கள். பல்கூழ் அழிந்ததாலும் வலி நிற்கும். கிருமித்தொற்று வேர் நுனியில் தொடர்ந்து பரவும்.

ஈறில் இரத்தம்: துலக்குவதை நிறுத்தாதீர்கள்

பல்லின் மேல் நாள்தோறும் கிருமிகள் அடங்கிய ஒட்டும் தன்மையுள்ள படலம் உருவாகிறது. அதனை அகற்றாவிட்டால் ஈறு சிவந்து வீங்குகிறது. தொட்டால் இரத்தம் கசிகிறது. இது ஈறழற்சி.

டென்மார்க்கில் 1965-ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வு இதனைத் தெளிவாக்கியது. நலமான ஈறு கொண்ட 12 பேர் பல் துலக்குவதை நிறுத்தினர். 10 முதல் 21 நாட்களுக்குள் அனைவருக்கும் ஈறழற்சி தோன்றியது. மீண்டும் துலக்கத் தொடங்கிய பின் ஏறத்தாழ ஒரு வாரத்தில் ஈறு பழைய நிலைக்குத் திரும்பியது. ஈறழற்சி முழுமையாக மீளக்கூடியது என்பதை இந்த ஆய்வு காட்டுகிறது.

எனவே இரத்தம் கசியும் இடத்தை மென்மையான பிரஷ்ஷால் கவனமாகத் துலக்குங்கள். ஓரிரு வாரங்களில் கசிவு குறைய வேண்டும். குறையவில்லையென்றால் காரை படிந்திருக்கலாம். உமிழ்நீரிலுள்ள தாதுக்கள் படலத்தில் சேர்ந்து கல்போல் இறுகுவதே காரை. பிரஷ்ஷால் அது நீங்காது. ஸ்கேலிங் எனப்படும் சுத்திகரிப்பு தேவை.

ஸ்கேலிங் செய்தால் பல் ஆட்டம் காணும் என்ற அச்சம் பலரிடம் உள்ளது. உண்மையில், காரையின் அடியில் எலும்பு முன்பே கரைந்திருக்கும். பற்களைச் சேர்த்துப் பிடித்திருந்த காரை நீங்கியதும், இருந்த ஆட்டம் நமக்குத் தெரிகிறது. காரையை விட்டுவைத்தால் எலும்பு மேலும் கரையும். கரைந்த எலும்பு பெரும்பாலும் முழுமையாக மீள வளர்வதில்லை. மேல்பல்லை எடுத்தால் கண்பார்வை குறையும் என்பதும் உண்மையன்று. மேல்பல்லின் நரம்பிற்கும் பார்வை நரம்பிற்கும் தொடர்பில்லை.

நீரிழிவு, இரத்த அழுத்தம், கர்ப்ப காலம்

நீரிழிவு கட்டுப்பாட்டில் இல்லாதவருக்கு ஈறு நோய் விரைவாக முற்றுகிறது. கடுமையான ஈறு நோய், சர்க்கரை அளவைக் கட்டுப்படுத்துவதையும் கடினமாக்குகிறது. நீரிழிவு நோயாளிகள் ஆண்டுக்கு ஒருமுறையேனும் ஈறுகளைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று இம்மாவட்டத்தின் சாமனப்பள்ளியில்தான் தொடங்கப்பட்டது. இத்திட்டத்தில் மாத்திரை வழங்க வீட்டுக்கு வரும் பணியாளரிடம் ஈறில் இரத்தம், பல் ஆட்டம் ஆகியவற்றையும் சொல்லுங்கள்.

இரத்த அழுத்தத்திற்கான அம்லோடிபின், வலிப்பு நோய்க்கான ஃபெனிடாயின் போன்ற மாத்திரைகளால் சிலருக்கு ஈறு தடித்து வளரக்கூடும். அதற்காக மாத்திரையை நீங்களாகவே நிறுத்தாதீர்கள், மருத்துவரிடம் காட்டுங்கள். இதய நோய்க்காக இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை உண்போரும் பல் எடுக்கும் முன் அதனைத் தாமாக நிறுத்தக் கூடாது.

கர்ப்ப காலத்தில் ஹார்மோன் மாற்றத்தால் ஈறு எளிதில் வீங்கும். அக்காலத்தில் பல் சிகிச்சை பெறுவது பாதுகாப்பானதே. கர்ப்பமாக இருப்பதைப் பல் மருத்துவரிடம் முதலிலேயே தெரிவித்துவிடுங்கள்.

புகையிலை, பாக்கு, தொழிற்சாலைப் பணி

புகையிலை ஈறின் இரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. அதனால் ஈறு நோய் முற்றியிருந்தாலும் புகைப்பவருக்கு இரத்தம் அதிகம் கசிவதில்லை. இரத்தம் வராததால் ஈறு நலமாக உள்ளது என்று அவர் எண்ணிவிடுகிறார். பல் ஆடத் தொடங்கிய பின்பே நோய் தெரியவருகிறது.

குட்கா, பான் மசாலா, கைனி ஆகியவற்றைக் கன்னத்தில் அடக்கும் பழக்கம் பணியிடங்களில் காணப்படுகிறது. தமிழ்நாட்டில் குட்காவும் புகையிலை கலந்த பான் மசாலாவும் 2013 முதல் தடை செய்யப்பட்டுள்ளன. புகையிலை இல்லாத பாக்கும் தீங்கானதே. பாக்கு, கன்னத்தின் உட்புறத் தசையை விறைக்கச் செய்து வாய் திறப்பதைக் குறைக்கிறது. உங்கள் ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றையும் செங்குத்தாக அடுக்கி வாய்க்குள் நுழைக்க முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லையென்றாலோ, காரமான உணவு வாயில் எரிச்சல் தந்தாலோ உடனே மருத்துவரை அணுகுங்கள். இது புற்றுநோய்க்கு முந்திய நிலையாக இருக்கலாம்.

மின்முலாம் பூசும் பிரிவிலும் மின்கலம் செய்யும் பிரிவிலும் பணிபுரிவோருக்கு, காற்றில் கலந்த அமில ஆவியால் முன்பற்களின் விளிம்பு கரையக்கூடும். நிறுவனம் வழங்கும் முகக் கவசத்தைத் தவறாமல் அணியுங்கள். பணி முடிந்ததும் வாயை நீரால் கொப்பளியுங்கள். அமிலத்தால் மென்மையான எனாமல் தேயாமலிருக்க, அரை மணி நேரம் கழித்துப் பல் துலக்குங்கள்.

நாள்தோறும் செய்ய வேண்டியவை

• ஒரு நாளில் இருமுறை, ஒவ்வொரு முறையும் 2 நிமிடம் துலக்குங்கள். சுழற்சி முறைப் பணியில் இருப்போர், உறங்கச் செல்வது பகலாயினும் இரவாயினும், உறங்கும் முன் துலக்குவதை விடாதீர்கள். உறக்கத்தில் உமிழ்நீர் குறைகிறது. பல்லின் பாதுகாப்பும் அப்போது குறைகிறது.

• மென்மையான பிரஷ்ஷை ஈறும் பல்லும் சேரும் இடத்தில் 45 பாகை சாய்வாக வைத்து மெல்ல அசையுங்கள். 3 மாதத்திற்கு ஒருமுறை பிரஷ்ஷை மாற்றுங்கள்.

• செங்கல் தூள், கரி, சாம்பல், மணல், புகையிலைப் பொடி ஆகியவற்றால் துலக்காதீர்கள். வேப்பங்குச்சி பயன்படுத்துவோர் நுனியை நன்கு மென்று மென்மையாக்கி, ஈறைக் குத்தாமல் துலக்குங்கள். பின்னர் பற்பசையையும் பயன்படுத்துங்கள்.

• படுக்கையில் இருக்கும் முதியவருக்கு, பராமரிப்பவர் தலையணையால் தலையை உயர்த்திப் பக்கவாட்டில் சாய்த்துத் துலக்கிவிட வேண்டும். கழற்றும் பல்செட்டை இரவில் கழற்றி, கழுவி, நீரில் இட்டு வைக்கவும்.

• பல்வலிக்கு ஈறின் மேல் ஆஸ்பிரின் மாத்திரையையோ புகையிலையையோ வைக்காதீர்கள். திசு வெந்து புண்ணாகும்.

விபத்தில் பல் விழுந்துவிட்டால்

இருசக்கர வாகன விபத்திலோ விளையாட்டிலோ நிலையான பல் வேரோடு விழுந்தால், அதனை மீண்டும் பொருத்த முடியும். வேரில் ஒட்டியிருக்கும் தசைநார்ச் செல்கள் உயிரோடு இருக்கும் வரையே இது இயலும்.

1. பல்லை மகுடப் பகுதியில் பிடித்து எடுங்கள். வேரைத் தொடாதீர்கள், தேய்க்காதீர்கள்.
2. மண் ஒட்டியிருந்தால் பாலாலோ நல்ல நீராலோ சில நொடிகள் மட்டும் அலசுங்கள்.
3. இயலுமானால் அதே குழியில் பொருத்தி, துணியைக் கடித்துக்கொள்ளச் செய்யுங்கள். இயலாவிட்டால் பாலில் இடுங்கள். நீரில் ஊறவைக்காதீர்கள்.
4. அரை மணி நேரத்திற்குள், அதிகபட்சம் ஒரு மணி நேரத்திற்குள் பல் மருத்துவரை அடையுங்கள்.

விழுந்த பால்பல்லைத் திரும்பப் பொருத்தக் கூடாது. அடியில் வளரும் நிலையான பல் சேதமடையும். தலையில் அடிபட்டு மயக்கமோ வாந்தியோ இருந்தால் பல்லைத் தேடி நேரத்தைக் கழிக்காமல் 108-ஐ அழையுங்கள்.

எப்போது மருத்துவரை அணுக வேண்டும்?

உடனடியாக: தாடைக்குக் கீழோ கழுத்திலோ வீக்கம், காய்ச்சல், விழுங்குவதிலோ மூச்சு விடுவதிலோ சிரமம், வாய் திறக்க இயலாமை. பல்லில் தொடங்கிய தொற்று கழுத்துக்குள் பரவினால் உயிருக்கு ஆபத்தாகலாம்.

சில நாட்களுக்குள்: இரவில் உறக்கத்தைக் கெடுக்கும் பல்வலி, ஈறில் சீழ்க் கொப்புளம், வளர்ந்தவருக்குப் பல் ஆட்டம்.

இரண்டு வாரத்திற்கு மேல் நீடித்தால்: ஆறாத வாய்ப்புண், வாயில் வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, தடிப்பு, ஈறில் இரத்தக் கசிவு. புண் வலிக்கவில்லை என்பதற்காகக் காலம் தாழ்த்தாதீர்கள். வாய்ப் புற்றுநோய் தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை.

குறை ஏதும் இல்லாவிட்டாலும்: ஆண்டுக்கு ஒருமுறை பரிசோதனை.

எங்கு அணுகலாம்?

முதலில் உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தை அணுகலாம். தேவைப்பட்டால் அங்கிருந்து ஓசூர் அரசு மருத்துவமனைக்கோ கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ பரிந்துரைப்பார்கள். பள்ளிக்கும் அங்கன்வாடிக்கும் வரும் சிறார் மருத்துவக் குழுவிடம் குழந்தையின் பல் கறை, சொத்தை ஆகியவற்றைக் காட்டுங்கள். மருத்துவ ஆலோசனைக்கு 104 என்ற எண்ணையும், புகையிலைப் பழக்கத்திலிருந்து விடுபட 1800 11 2356 என்ற கட்டணமில்லா எண்ணையும் அழைக்கலாம்.

வரும்போது நீங்கள் உட்கொள்ளும் மாத்திரைகளின் விவரத்தையும், வீட்டில் குடிக்கும் நீர் குழாய் நீரா, கிணற்று நீரா என்பதையும் தெரிவியுங்கள். உங்கள் வீட்டில் 8 வயதுக்குட்பட்ட குழந்தை இருந்தால், நீரைப் பற்றிய தகவல் அக்குழந்தையின் நிலையான பற்களைக் காக்க உதவும்.